ஓசூரில் வேலை: நிறுவனத்தின் நேரடித் தேர்வா, ஒப்பந்ததாரர் வழியா?

தருமபுரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலை தேடிச் செல்லும் டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்கள் உள்ளே நுழைய நிறுவனமே நடத்தும் நேரடித் தேர்வும் ஒப்பந்ததாரர் வழியும் உண்டு. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், நேரடித் தேர்வே மேல் என்பேன். ஆனால் காத்திருக்க வீட்டில் வசதி இருக்க வேண்டும்.

நேரடித் தேர்வுக்காக, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகச் செல்லும் ரயிலில் மூன்று முறை போய் வந்தேன். முதல் நாள் எழுத்துத் தேர்வு. இரண்டாம் முறை, தொழில்நுட்ப நேர்காணலில், 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் வெர்னியர் காலிபரையும் ஓர் இரும்புத் தண்டையும் மேசையில் வைத்தார்கள். 24.68 என்று படித்துச் சொன்னேன். அதிகாரி ஒன்றும் சொல்லாமல் காலிபரின் தாடைகளை மூடிக் காட்டினார்; சுழியில் நிற்க வேண்டிய அளவு 0.04 காட்டியது. அந்தப் பிழையைக் கழித்தால் சரியான விடை 24.64. தவறிய கேள்விதான் என்றாலும், வேலைக்குத் தேவையானதைக் கேட்கிறார்கள் என்ற மதிப்பு வந்தது. மூன்றாம் முறை மனிதவளப் பிரிவு. "சொல்லி அனுப்புகிறோம்" என்றவர்களிடமிருந்து இரண்டரை மாதம் ஒரு தகவலும் இல்லை. வேண்டாம் என்றாவது ஒரு வரி அனுப்பியிருந்தால், அதற்கிடையில் வந்த வேறொரு வாய்ப்பை விட்டிருக்க மாட்டேன்.

ஒப்பந்ததாரர் அலுவலகத்தில் ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், இரண்டு புகைப்படம் கொடுத்ததோடு தேர்வு முடிந்தது. கேட்ட ஒரே கேள்வி, "நைட் ஷிப்டு போவீங்களா?" மறுநாளே வேலை. சம்பளம் வாய்வார்த்தை, சீருடைக்கும் ஷூவுக்கும் பிடித்தம் உண்டு என்பது முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. நிற்பது பெரிய ஆலையின் கூரைக்கடியில் என்றாலும், அடையாள அட்டையிலும் வருங்கால வைப்புநிதிக் கணக்கிலும் முதலாளியாக இருப்பது ஒப்பந்ததாரரின் பெயர். பின்னாளில் நேரடித் தேர்வுக்குப் போனால் அனுபவச் சான்றிதழிலும் அதே பெயர்தான் இருக்கும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

அப்ரண்டிஸ் சேர்க்கை இவற்றுக்கு நடுவில் வரும். 1961-ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டப்படி பயிற்சி முடிந்ததும் வேலை தர நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை. அது தெரிந்து சேர்ந்தால் ஏமாற்றம் குறைவு.

அவசரத்துக்கு ஒப்பந்த வேலையில் சேர்வோரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் சேர்ந்தவன்தான். ஆனால் நியமனக் கடிதம் யார் பெயரில் வரும் என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். அடுத்த முறை நான் கேட்டபோது, "முதல்ல சேருங்க தம்பி, அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். கொடுத்த நகல்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.