ஒரே காரை நெடுங்காலம் ஓட்டியதில் அறிந்த எரிபொருள் சிக்கனம்

மேனுவல் கியர் கொண்ட ஒரு சிறிய பெட்ரோல் காரைப் பல ஆண்டுகளாக நானே ஓட்டியும் பராமரித்தும் வருகிறேன். வார நாள்களில் நெரிசலான நகரச் சாலைகளிலும், அவ்வப்போது நெடுஞ்சாலையிலும் அது ஓடுகிறது. எரிபொருள் செலவைக் குறைக்க நான் கடைப்பிடித்தவற்றுள் எது பலன் தந்தது, எது தரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நகரத்துக்குள் மைலேஜைத் தீர்மானிப்பது பிரேக், நெடுஞ்சாலையில் தீர்மானிப்பது வேகம் என்பதே நான் கண்ட முடிவு. பராமரிப்பு, அப்படிச் சேமித்ததைக் கைநழுவ விடாமல் காக்கிறது.

டேஷ்போர்டு காட்டும் சராசரி மைலேஜை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. என் காரில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டுகிறது. பம்ப் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த முறையும் அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுப்பதுதான் நம்பகமான வழி. ஒரு தடவை கிடைக்கும் எண் ஏறவும் இறங்கவும் செய்யும் என்பதால், தொடர்ந்து சில தடவைகளின் சராசரியைப் பார்த்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுமார் 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 139 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் அளவுக்கு ஆற்றல் இருந்தாலும், அதில் நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சென்றடைகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தை எட்டுவதற்கு மட்டும் ஏறக்குறைய 17 மில்லிலிட்டர் பெட்ரோல் எரிகிறது. பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது அந்த ஆற்றல் முழுவதும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கிலும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடிலும் வெப்பமாக மாறிப் போய்விடுகிறது. நெரிசலில் இப்படி அறுபது முறை வேகமெடுத்து நிறுத்தினால் ஒரு லிட்டர் காற்றோடு போனதாகக் கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து, முன்னால் செல்லும் வண்டியை மட்டும் பார்க்காமல் அதற்கு முன்னால் நான்கைந்து வண்டிகள் வரை பார்த்து ஓட்டுவதை வழக்கமாக்கிக் கொண்டேன். தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்தவுடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சிக்னலை நெருங்குவதற்குள் பச்சை விழுந்து, நிற்காமலேயே கடந்துவிடும் வாய்ப்பு அடிக்கடி அமைகிறது. நகரத்துக்குள் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தந்துகொண்டிருந்த கார் 15-ஐத் தாண்டியதற்கு, வேறெதையும்விட இந்தப் பழக்கமே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இறக்கத்திலும் சிக்னலை நெருங்கும்போதும் நியூட்ரலில் போட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் இருந்த காலத்தில் அதற்கு ஓரளவு பொருள் இருந்தது. இன்றைய ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில், கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரை விட்டால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுவதால் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் அதை முற்றிலும் நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருப்பதற்காகப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதோடு இன்ஜின் பிரேக்கிங்கும் இல்லாமல் போவதால் இறக்கத்தில் அது ஆபத்தானது. தயவுசெய்து அந்தப் பழக்கத்தைக் கைவிடுங்கள்.

கியரைப் பொறுத்தவரை, சமதளத்தில் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) அடுத்த கியருக்கு மாறிவிடுகிறேன். இன்ஜின் திணறினால் தயங்காமல் ஒரு கியர் குறைக்க வேண்டும். திணறத் திணற ஓட்டுவது சிக்கனமாகாது. சிறிய பெட்ரோல் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடும், ஏசி ஓடினால் இன்னும் கூடுதல். ஆகவே நீண்ட சிக்னல்களிலும் ரயில்வே கேட்டுகளிலும் இன்ஜினை அணைத்துவிடுகிறேன்.

நெடுஞ்சாலையில் கணக்கு வேறு. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 80-லிருந்து 100-க்குப் போகும்போது அந்த விசை ஏறத்தாழ 56 சதவீதம் அதிகரிக்கிறது. 100 கிலோமீட்டர் தூரத்தில் இதனால் மிச்சமாகும் நேரம் அதிகபட்சம் 15 நிமிடம். எனக்கு 80 முதல் 85 வரையிலான சீரான வேகமே ஒத்துவருகிறது. அந்த வேகத்தில் கண்ணாடியை இறக்கி வைப்பதும் காற்றின் எதிர்ப்பைக் கூட்டும் என்பதால், ஏசியைப் போட்டுக்கொண்டே செல்கிறேன். மேற்கூரை கேரியரைத் தேவை முடிந்தவுடன் கழற்றிவிடுவது நல்லது. சாமான் எதுவும் இல்லாவிட்டாலும் அது காற்றைத் தடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

பராமரிப்பில் முதலிடம் டயருக்கு. நல்ல நிலையில் உள்ள டயரிலும் மாதத்துக்கு ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ காற்று தானாகவே குறையும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைத்தான் பின்பற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு. வண்டி சில மணி நேரம் நின்று டயர் ஆறியிருக்கும்போது, சொந்தமாக ஒரு கேஜ் வைத்துப் பார்ப்பதே சரியான முறை. சிக்கனம் கருதிக் கூடுதலாகக் காற்றடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. சாலைப் பிடிப்பு குறைந்து, டயரின் நடுப்பகுதி சீக்கிரம் தேய்ந்துவிடும்.

காரணம் விளங்காமல் மைலேஜ் குறைந்தால் சக்கரங்களைக் கவனியுங்கள். ஒரு சமயம் என் கார் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் குறைவாகத் தந்தது. சர்வீஸில் குறை எதுவும் இல்லை என்றார்கள். ஒரு நெடும்பயணத்தின் முடிவில் நான்கு சக்கரங்களுக்கும் அருகே, தொடாமல், புறங்கையைக் காட்டிப் பார்த்தேன். முன் இடது சக்கரத்திலிருந்து மட்டும் அடுப்பின் பக்கத்தில் நிற்பதுபோல் அனல் அடித்தது. பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கு உதவும் ஸ்லைடு பின் துருவேறி இறுகிப் போனதால், காலை எடுத்த பிறகும் பிரேக் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருந்தது. பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் தடவிப் பொருத்தியவுடன் பழைய மைலேஜ் திரும்பியது. அதன் பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் இதைச் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குகிறேன்.

ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்பதை நான் அனுபவத்தில் காணவில்லை. இன்றைய இன்ஜின்களில் உள்ளே போகும் காற்றை அளந்து அதற்கேற்பவே எரிபொருள் தெளிக்கப்படுவதால், அடைபட்ட ஃபில்டர் இன்ஜினின் இழுக்கும் திறனைத்தான் பெரிதும் குறைக்கும். இன்ஜினைத் தூசியிலிருந்து காப்பதற்காக அதை உரிய காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். இன்ஜின் ஆயிலில் கையேடு சொல்லும் கிரேடை மாற்றக் கூடாது. 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் இன்ஜினுக்குத் தடித்த ஆயில் ஊற்றினால் உள் உராய்வு கூடும். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். வெளியேறும் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் பழுதானால், அது தேவைக்கு மேல் பெட்ரோலை அனுப்ப வைக்கும். உயர் ஆக்டேன் பெட்ரோலையும் ஊற்றிப் பார்த்தேன். அதைக் கேட்காத என் இன்ஜினில் மைலேஜ் மாறவில்லை. கொடுத்த விலைதான் கூடியது.