கேம்கார்டரா, காம்பாக்ட் கேமராவா: செம்பூர் வீட்டில் இரண்டையும் வைத்துப் பழகிய அனுபவம்

2017 ஜனவரியில் மும்பை மாட்டுங்காவில் மகளின் பரத அரங்கேற்றம். என் முன்னால் முக்காலியில் (ட்ரைபாட்) கையடக்கமான காம்பாக்ட் கேமரா, பத்தாவது வரிசையில் கணவர் கையில் வீடியோவுக்கென்றே செய்த கேம்கார்டர். வர்ணம் தொடங்கியதும் பொத்தானை அழுத்திவிட்டு, இனி ஆட்டத்தை நிம்மதியாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். சரணம் நடக்கும்போது தற்செயலாகத் திரையைப் பார்த்தால் சிவப்புப் புள்ளியைக் காணோம். 29 நிமிடம் 59 விநாடியில் கேமரா தானாகவே பதிவை நிறுத்தியிருந்தது. பரதத்தில் வர்ணம்தான் நீளமான உருப்படி. அரை மணியைத் தாண்டுவது சாதாரணம். அதன் கடைசிப் பகுதி இன்று எங்களிடம் இருப்பதற்குக் காரணம் கணவர் பிடித்துக்கொண்டிருந்த கேம்கார்டர்தான்.

காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அரை மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியத்தில் வீடியோ கேமரா என்று வகைப்படுத்திச் சுங்கவரி போட்டார்கள். அதைத் தவிர்க்கத்தான் பல நிறுவனங்கள் புகைப்படம் எடுக்கும் ஸ்டில் கேமராக்களில் இந்த எல்லையை வைத்தன. சிறிய உடம்புக்குள் சூடு ஏறுவதும் இன்னொரு காரணம். வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

கேம்கார்டரை 2015-இல் ஃபோர்ட் போரா பஜாரில் வாங்கினோம். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்த 350 மடங்கு ஜூமை மறந்துவிடுங்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. லென்ஸ் உண்மையில் இழுக்கும் ஆப்டிகல் ஜூம் 30 மடங்கு, அதுதான் கணக்கு. பத்தாவது வரிசையிலிருந்து மகளின் கண்ணசைவு வரை கிடைத்தது இதனால்தான். விரலுக்கு அடியிலேயே ஜூம் நெம்புகோல் இருக்கிறது. மெல்ல அழுத்தினால் மெல்ல நகரும், அழுத்தி இழுத்தால் வேகமாகப் போகும். காம்பாக்ட்டில் ஜூம் 3 மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. போதாததற்கு, ஜூம் செய்யும்போது மோட்டார் சத்தமும் கேமராவைப் பிடித்திருக்கும் விரல் உரசும் சத்தமும் பதிவில் விழுகின்றன.

ஆனால் வீட்டுக்குள் கதை வேறு. எங்களுடையது ஒரு படுக்கையறை வீடு. சமையலறையில் ஒரே ஒரு ட்யூப்லைட். பிள்ளையார் சதுர்த்திக்கு மாமியார் கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வதை இரண்டிலும் எடுத்தேன். கேம்கார்டர் பதிவில் மாவும் சுவரும் ஒரே புள்ளிமயம். காம்பாக்ட்டில் அவர் விரல் ரேகையில் ஒட்டிய மாவு வரை தெரிகிறது. காம்பாக்ட்டில் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு ஒரு இன்ச் சென்சார்; பெயர்தான் இன்ச், அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். கேம்கார்டரில் இருப்பது அதில் ஒரு சிறு துண்டு, அவ்வளவு வெளிச்சத்தைத்தான் அதனால் வாங்க முடியும். "ஏண்டி, அதை அந்தப் பக்கம் வை, எண்ணெய் தெறிக்கும்" என்று மாமியார் சொல்லும் குரலும் அந்தப் பதிவில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதிகம் போட்டுப் பார்ப்பது அதைத்தான்.

அந்தக் காம்பாக்ட்டை அண்ணா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார். முதல் மாதம் ட்யூப்லைட்டின் கீழ் எடுத்த எல்லாவற்றிலும் பட்டை பட்டையாக வெளிச்சம் துடித்தது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. மெனுவில் அமெரிக்க வீடியோ முறையான என்டிஎஸ்சி-யை (NTSC) நம் ஊர் முறையான PAL ஆக மாற்றி, ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வைத்ததும் சரியாகிவிட்டது. மாற்றும்போது கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும். அதற்கு முன் பதிவுகளை எடுத்து வைத்துவிடுங்கள். எல்லா மாடலிலும் இப்படி மாற்ற முடியாது. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள்பட்ட உழைப்பில் கேம்கார்டர் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. அதன் லென்ஸ் வெளியே நீளாது, எல்லா அசைவும் உள்ளுக்குள்ளேயே. காம்பாக்ட்டின் லென்ஸ் ஒவ்வொரு முறையும் வெளியே வந்து உள்ளே போகிறது. 2019-இல் ஜுஹு கடற்கரையில் ஒரு மாலை எடுத்ததோடு அதில் மணல் புகுந்துவிட்டது. லென்ஸ் பாதியில் நின்று பிழைச் செய்தி காட்டியது. சர்வீஸில் முழு லென்ஸையும் மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகையில் ஒரு நல்ல கைப்பேசியே வாங்கலாம். மனமில்லாமல்தான் மாற்றினேன், மாமியார் பதிவுகள் எல்லாம் அதில் எடுத்தவை என்பதால். பாட்டரியும் அப்படித்தான். கேம்கார்டருடையது முதுகுக்கு வெளியே உட்காருகிறது, அதனால் பெரியதாக ஒன்று வாங்கி மாட்டிக் கச்சேரி முழுவதும் எடுக்க முடிந்தது. காம்பாக்ட்டில் முக்கால் மணி கூடத் தாங்கவில்லை.

மும்பை மழைக்காலம் இரண்டுக்கும் எதிரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை அலமாரியில் துணிப்பையோடு வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து ஓடவிடுகிறேன்.

கேம்கார்டர் பதிவு செய்வது ஏவிசிஎச்டி (AVCHD) என்ற வீடியோக் கோப்பு வடிவம். 2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்தது. உயர்ந்த தரத்தில் ஒரு மணி நேரத்துக்குப் 10 ஜிபிக்கு மேல் போகும். நீளப் பதிவு 2 ஜிபி துண்டுகளாக உடைகிறது. துண்டுகளை மட்டும் எடுத்துக் கணினியில் போட்டு ஒட்டினேன், ஜதியின் நடுவே ஒரு நொடி விக்கியது. அப்புறம்தான் கார்டிலுள்ள பிரைவேட் ஃபோல்டரை அப்படியே முழுதாக நகலெடுக்கக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு படத்தையும் பாதிப் பாதிக் கோடுகளாக எடுக்கும் 50i என்ற அமைப்பில் எடுத்தால் வேகமான கைவீச்சில் விரல் ஓரம் சீப்புப் பல் போலக் கோடு விழும். முழு முழுப் படமாக எடுக்கும் 50p இருந்தால் அதையே வையுங்கள்.

இப்போது அன்றாடக் காட்சிகளுக்குக் கைப்பேசி போதும், மறுக்கவில்லை. மேடை, கோயில் உற்சவம், பள்ளி ஆண்டுவிழா என்று தள்ளி உட்கார்ந்து மணிக்கணக்கில் எடுக்க வேண்டியவர்களுக்குக் கேம்கார்டரைத்தான் சொல்வேன். வெளிச்சம் குறைந்த வீட்டில் குழந்தையையும் பெரியவர்களையும் எடுக்க ஒரு இன்ச் காம்பாக்ட். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் கேம்கார்டர் பக்கம். புள்ளி விழுந்த படத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது; நின்றுபோன வர்ணத்தை முடியவில்லை.

புதிய கேம்கார்டர் மாடல்கள் குறைந்துவிட்டதால் பழையது வாங்க வேண்டியிருக்கலாம். கடையிலேயே ஜூமை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். திரையைத் திறந்து திருப்பிப் பாருங்கள், படம் அணைந்து அணைந்து வந்தால் உள்ளே ஒயர் போய்விட்டது. டார்ச் அடித்து லென்ஸுக்குள் வலைபோல ஏதாவது தெரிகிறதா என்று பார்த்து, அந்த மாடலுக்குப் பாட்டரி இன்னும் கிடைக்கிறதா என்றும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.