தூக்குக் கயிறா, திருமணமா?

அகதா கிறிஸ்டி 1939இல் வெளியிட்ட நாவலில், தீவில் அகப்பட்ட பத்துப் பேரும் மாண்டுபோகிறார்கள். ஆனால் இயக்குநர் ரெனே கிளேர் அதையே 1945இல் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ என்று ஹாலிவுட்டில் படமாக்கியபோது, அந்தப் பத்துப் பேரில் வேரா என்ற பெண்ணும் லொம்பார்ட் என்ற ஆணும் உயிர் தப்புகிறார்கள். (முடிவை அறியாமல் படம் பார்க்க விரும்புவோர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

இதற்காக ஹாலிவுட்டைக் குறைகூறுவது நியாயமாகாது. 1943இல் கதையை நாடகமாக்கிய கிறிஸ்டியே அவ்விருவரையும் பிழைக்க வைத்துவிட்டார். கொலைகளுக்கு வரிசை வகுக்கும் குழந்தைப் பாடலில், கடைசிச் சிறுவன் தூக்கில் தொங்கினான் என்றும் மணம் முடித்தான் என்றும் இரு பாடங்கள் வழங்கியது அவருக்கு வசதியாயிற்று.

நாவலில் கொலையாளி பத்துப் பேரில் ஒருவரான நீதிபதிதான் என்பது, புட்டியில் அடைத்துக் கடலில் எறியப்பட்ட வாக்குமூலத்தால் தெரியவருகிறது. படிப்பதற்குச் சுவையான இந்த உத்தி திரையில் எடுபடாது என்று உணர்ந்த கிளேர், வாக்குமூலத்தைப் பில்லியர்ட்ஸ் அறைக்குக் கொண்டுவந்து நீதிபதியின் வாயாலேயே சொல்ல வைக்கிறார். தொங்கும் சுருக்குக் கயிற்றின் அருகே, ஒன்பது பிணங்களோடு தனியாகப் பிடிபட்டால் ஊர் பார்க்கத் தூக்கிலிடுவார்கள், அதற்கு இந்தக் கயிறே மேல் என்று நீதிபதியாக நடித்த பாரி ஃபிட்ஸ்ஜெரால்டு வேராவிடம் நிதானமாக எடுத்துரைக்கும் காட்சி, மூலத்தில் இல்லாத ஓர் ஆதாயம்.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. பிழைக்க வேண்டியவர்கள் குற்றமற்றவர்களாகவும் இருந்தாக வேண்டும் என்பதால், வேராவின் பழி அவளுடைய சகோதரிக்குப் போய்விடுகிறது. லொம்பார்டோ லொம்பார்டே அல்லர், நண்பனின் பெயரில் வந்த வேறொருவர். சட்டத்துக்கு எட்டாத குற்றவாளிகளை மட்டுமே பொறுக்கியெடுத்ததாகக் கருதும் நீதிபதி, பத்தில் இரண்டைத் தவறவிட்ட சாதாரண ஆளாகச் சுருங்கிவிடுகிறார்.

1987இல் சோவியத் இயக்குநர் கவருகின் இந்தச் சலுகைகளை எல்லாம் மறுத்து, நாவலின் முடிவையே எடுத்தார். தன் பொறுப்பில் இருந்த சிறுவனைக் கடலில் சாகவிட்ட வேரா, லொம்பார்டைச் சுட்டுக்கொன்றபின், யாரும் வற்புறுத்தாமலே கயிற்றை நாடுகிறாள். என் பார்வையில் இதுவே சரியான முடிவு. குற்ற உணர்ச்சியே இங்கே கடைசிக் கொலைக்கருவி.

கிளேரின் கயிற்றில் எவரும் தொங்காததால் நாவலின் மிக நுட்பமான தடயம் ஒன்றுக்கும் அவர் படத்தில் இடமில்லாமல் போயிற்று: வேரா உதைத்துத் தள்ளிய நாற்காலி, அவள் இறந்தபின் சுவரோரமாக ஒழுங்காக நிறுத்தப்பட்டிருக்கிறது.