ஒரே ஒரு ஆல்பம், 18 வருடங்கள்

போஸ்டல் சர்வீஸ் என்ற அமெரிக்கக் குழு போட்டிருப்பது ஒரே ஒரு ஸ்டூடியோ ஆல்பம்தான். பெயர் 'கிவ் அப்'. 2003 பிப்ரவரியில் சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் வெளியிட்டது. பத்துப் பாட்டு, ஏறக்குறைய முக்கால் மணி நேரம். 2006-இல் கேட்க ஆரம்பித்து 18 வருடங்கள் ஓட்டிவிட்டேன். இவ்வளவு காலம் ஒரு பொருளைப் புழங்கியவனுக்கு, எது தேய்ந்தது எது தேயவில்லை என்று சொல்ல ஓரளவு உரிமை உண்டு.

முதலில் கிடைத்தது ஒரு நண்பனின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்த எம்பி3 ஃபோல்டர். அதில் ஒன்பது பாட்டுதான் இருந்தது. கடைசிப் பாட்டு காப்பி ஆகாமல் விட்டுப்போயிருக்கிறது. அது தெரியாமல் 'பிராண்ட் நியூ காலனி'யோடு ஆல்பம் முடிகிறது என்றே மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அழகான முடிவு அது. பழைய வீடியோ கேம் மாதிரிச் சத்தத்தில் தொடங்கி, கடைசியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடியபடி மெல்ல விலகிப் போகும். பிறகு சிடி வாங்கியபோதுதான் பத்தாவதாக 'நேச்சுரல் ஆன்தம்' வந்து நின்றது. ஐந்து நிமிடத்துக்கும் மேல் நீளம், பெரும்பகுதியில் குரலே கிடையாது, டிரம் படபடவென்று பொரிகிறது. நல்ல பாட்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் அது பந்தி முடிந்து கை கழுவிய பிறகு வந்து விழுந்த இன்னொரு அப்பளம்தான்.

அந்தக் காலத்தில் என் இயர்போனில் வலது பக்கம் அடிக்கடி செத்துப்போகும். இந்த ஆல்பத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. 'சச் கிரேட் ஹைட்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் அந்தச் சிறு 'பிப் பிப்' ஒலிகள் இடது காதுக்கும் வலது காதுக்குமாகத் தாவி விளையாடும். ஒரு பக்கம் போய்விட்டால் விக்கல் எடுத்த மாதிரி இருக்கும். புது இயர்போன் வாங்கி மாட்டிய அன்றைக்குத்தான் அது ஒரு தாளம் என்றே எனக்குத் தெரிந்தது.

குழுவின் பெயருக்குக் காரணம் அவர்கள் வேலை செய்த விதம். டின்டெல் என்ற பெயரில் எலக்ட்ரானிக் இசை செய்துவந்த ஜிம்மி டாம்போரெல்லோ இருந்தது லாஸ் ஏஞ்சல்ஸில். டெத் கேப் ஃபார் கியூட்டி என்ற கிட்டார் குழுவின் பாடகர் பென் கிப்பர்ட் இருந்தது சியாட்டிலில். 2001-இல் டின்டெல் ஆல்பம் ஒன்றில் கிப்பர்ட் ஒரு பாட்டுப் பாடினார். அது நன்றாக வந்துவிட, தொடரலாம் என்று முடிவு செய்தார்கள். டாம்போரெல்லோ இசையை முடித்து டேப்பில் பதிந்து தபாலில் அனுப்புவார். கிப்பர்ட் அதை வெட்டி ஒட்டி, மேலே பாடித் திருப்பி அனுப்புவார். அப்புறம் பாடகி ஜென்னி லூயிஸ் பின்குரல் சேர்த்தார்.

இந்தக் கதை தெரியாமலே கேட்டவன் நான். தெரிந்தபின் கேட்டால் தையல் தெரிகிறது. கீழே ஓடும் இசை தன்னளவில் முழுமையாக, யாருக்காகவும் காத்திருக்காமல் போய்க்கொண்டிருக்கிறது. குரல் அதன்மேல் உட்கார்ந்து, கடிதம் எழுதுகிறவன் தனக்குள் வாசித்துப் பார்ப்பதுபோலப் பேசுகிறது. 'தி டிஸ்ட்ரிக்ட் ஸ்லீப்ஸ் அலோன் டுநைட்' பாட்டில் பாதிக்குமேல் இசை வேகமெடுத்து எங்கேயோ போகும், பாடுகிறவர் அசைவதேயில்லை. ஆரம்பத்தில் இதைக் குறை என்று நினைத்தேன். அந்த டிரம் மெஷின் சத்தமெல்லாம் ஐந்தே வருடத்தில் பழசாகிவிடும் என்றும் நினைத்தேன். சத்தம் பழசாகத்தான் ஆகியிருக்கிறது. ஆனாலும் அந்த இடைவெளி ஆல்பத்தைக் காப்பாற்றிவிட்டது. ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி செய்த காரியத்தின் தனிமை அதில் அப்படியே தங்கியிருக்கிறது.

வரிகள் விஷயத்தில் நான் மெதுவான ஆள். 'வீ வில் பிகம் சிலுவெட்ஸ்' பாட்டை எத்தனையோ நாள் காலையில் உற்சாகத்துக்காகப் போட்டிருக்கிறேன். அணுகுண்டுக்குப் பிறகு வீட்டுக்குள் அடைந்து கிடப்பவனின் பாட்டு அது என்று உறைக்க வருடங்கள் ஆயின. 'ஸ்லீப்பிங் இன்' இன்னும் விசேஷம். கென்னடி கொலையில் எந்த மர்மமும் இல்லை, பூமி சூடானதால் யாருக்கும் கஷ்டமும் இல்லை என்று ஒருவன் கனவு காண்கிறான். முதலில் கேட்டபோது நமுட்டுச் சிரிப்பு வந்தது. இப்போது மே மாத மதியத்தில் கேட்டால் சிரிப்பு வருவதில்லை.

அதிகம் தேய்ந்தது எது என்றால் 'நத்திங் பெட்டர்'. விட்டுப் போகாதே என்று அவன் உருக, ஜென் வுட் என்ற பாடகியின் குரலில் அவள் குறுக்கிட்டு அவன் கதையைத் திருத்துவாள். நாடகம் பிரமாதம். ஆனால் திருப்பம் தெரிந்துவிட்ட நாடகம். இப்போதெல்லாம் தாண்டிவிடுகிறேன். மாறாக, முன்பு தாண்டிக்கொண்டிருந்த 'ரீசைக்கிள்டு ஏர்' இரவு விமானத்தில் போய்வந்த பிறகு பிடித்துவிட்டது. 'திஸ் பிளேஸ் இஸ் எ ப்ரிசன்' பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

பெயரால் வந்த வம்பையும் சொல்லிவிட வேண்டும். 2003 ஆகஸ்டில், இந்தப் பெயர் எங்கள் வர்த்தக முத்திரை என்று அமெரிக்கத் தபால் துறை நோட்டீஸ் அனுப்பியது. கடைசியில் சமரசம். குழு பெயரை வைத்துக்கொள்ளலாம், பதிலுக்குத் தபாலுக்கு விளம்பரம் செய்ய வேண்டும். 2004 நவம்பரில் தபால் துறை உயரதிகாரிகள் மாநாட்டில் போய் வாசித்தே விட்டார்கள். இடம் வாஷிங்டன் டி.சி., ஆல்பத்தின் முதல் பாட்டான 'தி டிஸ்ட்ரிக்ட் ஸ்லீப்ஸ் அலோன் டுநைட்' தலைப்பில் வரும் அதே 'டிஸ்ட்ரிக்ட்'. வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு 'சச் கிரேட் ஹைட்ஸ்' இசையை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது யுபிஎஸ், தபாலுக்குப் போட்டியான கூரியர்.

அதே பாட்டை அயர்ன் அண்ட் வைன் என்ற பெயரில் பாடுகிறவர் வெறும் கிட்டாரோடு மெதுவாகப் பாடி வைத்திருக்கிறார். 2004-இல் 'கார்டன் ஸ்டேட்' படத்தில் வந்து, பலருக்கு அதுதான் மூலம் என்றே ஆகிவிட்டது. மெட்டு எவ்வளவு உறுதியானது என்று காட்டுகிறது, சரி. ஆனால் அந்த 'பிப் பிப்' இல்லாமல் எனக்கு அது பாதிதான், இயர்போன் பாக்கியமோ என்னவோ.

2012-க்குள் பத்து லட்சம் பிரதி போய்விட்டது. சப் பாப் வரலாற்றில் அதிகம் விற்றதில், நிர்வாணா என்ற ராக் குழுவின் 'பிளீச்' ஆல்பத்துக்கு அடுத்தபடி இதுதான். அப்படியிருந்தும் இரண்டாவது ஆல்பம் போடவில்லை. 2013-இல் பத்தாண்டு நிறைவுப் பதிப்பும் சுற்றுப்பயணமும் வந்தன, பிறகு கடையைச் சாத்திவிட்டார்கள். 2023-இல் இருபதாண்டு என்று மறுபடி மேடை ஏறினார்கள், அப்போதும் புது ஆல்பம் இல்லை. இரண்டாவது வேண்டும் என்று பல வருடம் புலம்பியிருக்கிறேன், இப்போது வேண்டாம் என்றே தோன்றுகிறது.

தோன்றக் காரணம் 2013 பயணத்தில் பெர்க்லியில் பதிவான நேரலை ஆல்பம். எல்லோரும் ஒரே மேடையில். நிஜ டிரம்ஸ் சேர்ந்து பாட்டெல்லாம் பெரிதாகிவிட்டது, கூட்டம் கூடவே பாடுகிறது. நன்றாகத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் யாரும் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. மூன்று தடவை கேட்டேன், நான்காவது தடவை போடவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: பத்தாண்டுப் பதிப்பின் இரண்டாவது டிஸ்க்கில் பழைய ரீமிக்ஸ்களும் பிறர் பாடியவையும் அதிகம், ஒரு முறை கேட்டால் போதும். அதிலிருந்து 'எ டாட்டர்ட் லைன் ஆஃப் ஸ்ட்ரிங்' மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'நேச்சுரல் ஆன்தம்' இருக்கும் இடத்தில் நான் அதைத்தான் போட்டு வைத்திருக்கிறேன்.