பனிச்சறுக்குப் பலகைக்கு மெழுகு: சூடாக்கித் தேய்ப்பதா, திரவமாகத் தடவுவதா?

பனிச்சறுக்குப் பலகையின் அடிப்பரப்பு பாலிஎத்திலீனால் ஆனது. மெழுகை இஸ்திரிப் பெட்டியால் உருக்கித் தேய்க்கும்போது, சூடேறிய அந்தப் பரப்பு மெழுகைத் தனக்குள் வாங்கிக்கொள்வதால் பூச்சு பல நாள் தாங்குகிறது. திரவ மெழுகோ பெரும்பாலும் மேலோடு நின்றுவிடுவதால், கரடுமுரடான செயற்கைப் பனியில் விரைவிலேயே தேய்ந்துபோகிறது.

உழைப்பைக் கணக்கிட்டால் நிலைமை தலைகீழ். திரவ மெழுகைத் தடவி, உலரவிட்டு, தூரிகையால் தேய்த்தால் வேலை முடிந்தது. சூடான முறையிலோ மெழுகு நன்றாக ஆறும்வரை காத்திருந்து, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, தரையெங்கும் சிதறிய துகள்களைப் பெருக்கியாக வேண்டும் (பழைய போர்வை ஒன்றை முன்பே விரித்துவைத்தால் பாதி அலுப்பு குறையும்). புகை எழுந்தால் சூடு மிகுதி என்று பொருள். பெரும்பாலான மெழுகுகளுக்கு 120 முதல் 140 டிகிரி செல்சியஸ் போதுமானது என்பதோடு, பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்கவும் வேண்டும். துணி தேய்க்கும் பெட்டியில் வெப்பம் ஏறி இறங்குவதால், மெழுகுக்கென்றே செய்யப்பட்டதை வாங்குவது நல்லது.

பருவத்தின் தொடக்கத்தில் சூடான மெழுகும் இடையிடையே திரவ மெழுகும் என்பது என் வழக்கம். பருவம் முடிந்து பலகையை எடுத்துவைக்கும்போது மட்டும் சூடான மெழுகைத் தடிமனாகப் பூசி, சுரண்டாமலே விட்டுவிடுகிறேன்.