பிடியரிசிப் பானையும் முறைப்பட்டியலும்: எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் தொண்டுச் சேவை பற்றி

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள எங்கள் கிராமத்துச் சனசமூக நிலையம் நடத்திவரும், முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் தொண்டுச் சேவையை, தனித்து வாழும் என் பெரியம்மாவுக்காகக் கடந்த 14 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பெயர் வெளியே வரவேண்டாம் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டதால் ஊரையும் நிலையத்தையும் பெயர் சொல்லாமலே எழுதுகிறேன். தங்கள் ஊரிலும் இப்படியொரு சேவையைத் தொடங்க எண்ணுபவர்களுக்கும், கடல் கடந்து இருந்துகொண்டு பெற்றோரை நினைத்துக் கவலைப்படுபவர்களுக்கும் இதன் நிறைகுறைகள் பயன்படும் என்று நம்புகிறேன்.

யாழ்ப்பாணத்தில் கொடைக்குப் பஞ்சம் வந்ததில்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல் நிற்கும். ஆடிப்பிறப்பன்று கூழ் வீடு வீடாகப் போகும். வெள்ளம் வந்தால் பொழுது சாய்வதற்குள் சோற்றுப் பார்சல்கள் வந்து குவியும். கொடியிறங்கிய மறுநாள் பந்தலைப் பிரித்த பிறகுதான் வெறுமை தெரியும். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்ற பெயர் நிலைத்தது, திருவிழாவைப் பார்த்துக் காத்திராமல் அங்குள்ள மடங்கள் அடியவர்களுக்குச் சோறு போட்டுவருவதால்தான். ஆனால், 78 வயதில் முழங்கால் மடங்காத ஒருவர் அங்குவரை போவது எப்படி? என் பெரியம்மாவின் பிள்ளைகள் இருவரும் கனடாவில் இருக்கிறார்கள். மாதந்தோறும் காசு தவறாமல் வருகிறது. படலையைத் திறந்துகொண்டு உள்ளே வர ஓர் ஆள்தான் இல்லாதிருந்தது.

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் இடும் வழக்கம் முன்பு எங்கள் வீடுகளில் இருந்தது. அந்தப் பிடியரிசி கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனது. நிலையத்தார் அதையே மீட்டெடுத்திருக்கிறார்கள். சேவையில் சேர்ந்த 52 வீடுகளிலும் ஒரு பானை இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் இளைஞர்கள் சைக்கிளில் வந்து அரிசியைச் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். ஞாயிறு தவிர்ந்த நாட்களில், நாளுக்கு இரண்டு வீடுகள் என்ற முறையில், ஒன்பது முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைக்கப்படுகிறது. ஆகவே, ஒரு வீட்டின் முறை மாதத்தில் ஒரு தடவைதான் வரும். இந்தச் சேவை நீடித்து நிற்பதற்கு முதற்காரணம் இந்தக் கணக்கே என்று நான் நினைக்கிறேன். யாரிடமும் பெரிதாக எதையும் கேட்பதில்லை, கேட்டதை ஆண்டு முழுவதும் கேட்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறுகிறது. குத்தரிசிச் சோறு, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி என்று வரும் நாளில் பெரியம்மா மிச்சம் வைப்பதில்லை. உறைப்புக் கூடிய நாளில் பாதியோடு நிறுத்திவிடுவார். நீரிழிவு உள்ளவர் யார், உப்புக் குறைக்க வேண்டியவர் யார் என்பதை ஒரு கொப்பியில் குறித்து, அன்று சமைக்கும் வீட்டுக்கு முதல்நாளே அதைக் கொடுத்துவிடுகிறார்கள். நான் அறிய மூன்று தடவை சாப்பாடு பிந்தியிருக்கிறது. ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

சோற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அதைக் கொண்டு வருபவர் பத்து நிமிடமாவது விறாந்தையில் இருந்து பேசிவிட்டுப் போகவேண்டும் என்ற ஒழுங்கு. ஐப்பசியில் ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்த தம்பி எனக்குத் தொலைபேசியில், "அக்கா, ஆச்சியின்ர கால் நேற்றையைவிட வீங்கியிருக்கு. இண்டைக்கே கொண்டுபோய்க் காட்டுறது நல்லம்" என்றான். முதல்நாள் அந்தக் கால் இருந்த நிலையையும் பார்த்திருந்த ஒருவனால்தான் அப்படிச் சொல்ல முடியும். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோனோம். இருதயம் பலவீனப்பட்டிருந்தது தெரியவந்தது.

நிலையத்தின் குருதிக்கொடைப் பட்டியலும் இதே முறையைப் பின்பற்றுகிறது. எங்கள் பக்கத்தில் நினைவு நாட்களிலும் பிறந்தநாட்களிலும் முகாம்கள் நிறைய நடக்கும், நல்ல காரியந்தான். ஆனால், குருதியைப் பத்தாயத்து நெல்லைப்போல வைத்திருக்க முடியாது. சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரங்களும், குருதிச் சிறுதட்டுகள் ஏறத்தாழ ஐந்து நாட்களுமே தாங்கும். இலங்கையில் ஒருவர் ஒருமுறை குருதி கொடுத்தபின் நான்கு மாதம் இடைவெளி விடவேண்டும் என்பதால், ஊரில் 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட கொடையாளர்களை நான்கு அணிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதலணி தை, வைகாசி, புரட்டாதி மாதங்களில் போகும். அடுத்த அணி மாசி, ஆனி, ஐப்பசியில் போகும். மற்ற இரண்டும் அவ்வாறே தொடரும். எந்த மாதத்திலும் ஓர் அணி இரத்த வங்கிக்குப் போக ஆயத்தமாக இருக்கிறது. நானும் மூன்றாம் அணியில் இருக்கிறேன்.

டெங்குத் தடுப்பிலும் இந்தத் தொடர்ச்சி தேவைப்படுகிறது. முட்டையிலிருந்து நுளம்பு பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும் என்னும்போது, மாரி தொடங்குமுன் ஒரு சிரமதானம் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதில் பயன் குறைவு. நாடெங்கும் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்ட 2017ஆம் ஆண்டை எங்கள் ஊர் மறக்கவில்லை. ஞாயிறு காலையில் ஒழுங்கைக்கு ஒருவர் வளவுகளுக்குள் போய்ச் சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றைக் கவிழ்த்துவிட்டு வருகிறார். மழைக்காலத்தில் இது ஒழுங்காக நடக்கிறது, கோடையில் தளர்ந்துவிடுகிறது. காய்ந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் கோடையிலும் அதைத் தொடரவேண்டும் என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

குறைகளில் முதலாவது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஊரின் மேற்கு ஒழுங்கைகளில் உள்ள குடும்பங்களில் ஒன்றுகூடத் தொடக்கத்தில் சமையல் முறைப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அங்குள்ள முதியவர்களுக்குச் சாப்பாடு போனது. அங்கே சமைத்த சாப்பாட்டை மற்ற வீடுகளுக்குக் கொண்டுபோகத்தான் தயக்கம் இருந்தது. யாரும் சாதி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இளைஞர்கள் இரண்டு கூட்டங்களில் விடாமல் கேட்ட பிறகு ஆறு வீடுகள் சேர்க்கப்பட்டு இப்போதைய 52 ஆகின. அந்த வீடுகளின் முறை வரும் நாளில் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லும் முதியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். அவருக்காக முறையை மாற்றுவதில்லை என்று நிலையம் எடுத்த முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பெறுவதற்கு மட்டும் ஒருவரை அழைத்து, கொடுப்பதற்கு அழைக்காமல் விடுவது அவரைக் குறைத்து மதிப்பதாகும்.

இரண்டாவது குறை, சமையலின் பாரம் பெண்களின் தலையில் இருக்க, நிர்வாகக் குழுவில் பெண்கள் இருவர் மட்டுமே இருப்பது. வெங்காய அறுவடைக் காலத்தில் காலை முழுவதும் தோட்டத்தில் நின்றுவிட்டு வந்து உலை வைத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். முறையை மாற்றிக்கொள்ள அவர்கள் யாரிடம் கேட்பது என்பதுகூடத் தெளிவாக இல்லை.

பணம் பற்றியும் பலர் கேட்டார்கள். சாப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டில் உள்ளவர்கள் அனுப்பும் உதவியை மரக்கறிக்கும் எரிவாயுவுக்கும் மட்டும் ஏற்று, கணக்கை வாசிகசாலைச் சுவரில், பத்திரிகை மேசைக்கு மேலே, மாதந்தோறும் ஒட்டுகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு மட்டும் என்று பெரிய தொகை அனுப்பினால் திருப்பிவிடுகிறார்கள். பெரியம்மாவின் மூத்த மகன் இதனால் முதலில் மனம் வருந்தினார். இப்போது விடுமுறையில் வந்தால் தானே ஒரு நாள் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறார்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இன்னும் இல்லை. அன்று நான் போக முடியாவிட்டால் பெரியம்மா பாணும் வாழைப்பழமுமாகச் சமாளிக்கிறார். இன்னும் எட்டு வீடுகள் சேர்ந்தால் தைப்பொங்கலுக்குப் பிறகு ஞாயிறும் சமைக்கலாம் என்று நிலையத்தார் சொல்கிறார்கள். இதை எழுதும் நாளில் ஐந்து வீடுகள் சேர முன்வந்திருக்கின்றன.