பின்பசை வெல்க்ரோ டேப்: ஒட்டியதும் கழற்றியதும்

ஜன்னலுக்குக் கொசுவலை மாட்டத்தான் இந்த டேப்பை வாங்கினேன். 20 மில்லிமீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், கொக்கிப் பட்டை, மெத்துப் பட்டை இரண்டுக்கும் பின்னால் பசை. இரண்டு சுருள் வாங்கினேன். ஜன்னல்கள் போக மிஞ்சியது மேசைக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும், குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கும், சுவரில் ஒரு சின்ன காலண்டருக்கும் போனது. எட்டு மாதம் ஆயிற்று. போன வாரம் பாதியைக் கழற்றிவிட்டேன். ஒட்டிய அன்றைக்கே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

முதலில் நல்லது. கொக்கிகளில் ஒரு குறையும் இல்லை. வாரம் ஒருமுறை வலையைப் பிரித்துத் துவைத்து மாட்டுகிறேன், இன்றும் 'சர்ர்' என்ற அதே சத்தம், அதே பிடி. ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிஸ் பொறியாளர் 1941இல் தன் நாயின் முடியில் ஒட்டிய முட்காய்களை நுண்ணோக்கியில் பார்த்து யோசித்த விஷயம் இது. நாயுருவி வேட்டியில் ஏறிக்கொள்கிற அதே வித்தைதான். கொக்கிப் பக்கத்தில் முடியும் பஞ்சும் சேர்ந்தால் பிடி தளரும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் வாரிவிட்டால் சரியாகிவிடுகிறது.

தொல்லையெல்லாம் பின்னால் இருக்கும் பசையில்தான். இந்தப் பசை காய்ந்து இறுகுவதில்லை. அழுத்த அழுத்த மெல்லப் பரவி, பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் இறங்கிப் பிடிக்கிறது. அதனால்தான் ஒட்டியவுடன் பாரம் ஏற்றக் கூடாது, ஒரு நாளாவது விட வேண்டும். முதல் ஜன்னலில் இந்தப் பொறுமை எனக்கு இல்லை. சட்டத்தை ஈரத்துணியால் துடைத்து, ஒட்டி, பத்து நிமிடத்தில் வலையை மாட்டினேன். மறுநாள் காலை மேல் விளிம்பு தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஜன்னலை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டி, கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்தி, ஒரு நாள் கழித்து மாட்டினேன். கூர்மூலைதான் எப்போதும் முதலில் கிளம்பும். அந்த ஜன்னலில் இன்றுவரை ஒரு மூலைகூடக் கிளம்பவில்லை.

முதல் ஜன்னலையும் அப்படியே திரும்பச் செய்தேன். ஆனால் அது மேற்கு பார்த்தது. வெயில் ஏறியதும் பசை இளகி, டேப் மெல்ல மெல்லக் கீழே வழுக்கியது. இரண்டே மாதத்தில் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. ரப்பர் பசை சூட்டைத் தாங்காது, அக்ரிலிக் பசை தாங்கும். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது அதுதான். ஆனால் இந்தப் பாக்கெட்டில் எந்தப் பசை என்றே போடவில்லை. இதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன்.

இன்னொன்று, வலைக்குப் பசை வைத்த டேப் வேண்டவே வேண்டாம். வலையில் பாதிக்கு மேல் ஓட்டைதான், பசை எதைப் பிடிக்கும்? சரி, தைத்துவிடலாம் என்று அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு சாண் தைப்பதற்குள், "இதுல தைக்க முடியாதுப்பா, ஊசி பூரா பசை" என்று எடுத்துவிட்டார். நூல் இரண்டு முறை அறுந்தது. பசையில்லாத தையல் வெல்க்ரோ தனியாகக் கிடைக்கிறது. அதில் மெத்துப் பட்டையை வலைக்குத் தையுங்கள், கொக்கிப் பட்டை சட்டத்தில் இருக்கட்டும். கொக்கி வலையில் இருந்தால் துவைக்கும்போது மற்ற துணிகளையெல்லாம் இழுத்துக் கிழிக்கும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அசையவில்லை. பிளாஸ்டிக் டப்பா ஒரே ராத்திரியில் விழுந்தது. டைல்ஸ் பக்கம் கல் மாதிரி ஒட்டியிருக்க, டப்பா பக்கம்தான் விட்டிருந்தது. டப்பாவின் அடியைத் திருப்பினால் முக்கோணத்துக்குள் 5 என்ற எண்: பாலிபுரோப்பிலீன். அதிலும் பாலிஎத்திலீனிலும் (எண் 2, 4) சாதாரணப் பசை பிடிக்காது.

இனி கழற்றும் கதை. காலண்டரை ஒரே இழுப்பாக இழுத்தேன். டேப்போடு உள்ளங்கை அளவு பெயின்டும் வந்தது. பெயின்டுக்குச் சுவரோடு இருந்த பிடியைவிட இந்தப் பசையின் பிடி அதிகம். அதற்குப் பிறகுதான் நிதானமாகச் செய்யக் கற்றேன். ஹேர் டிரையரை ஒரு நிமிடம் காட்டினால் பசை இளகும். தடித்த நூலை டேப்புக்குப் பின்னால் கொடுத்து, இரு கையாலும் ரம்பம் போல இழுத்தால் டேப் தனியாக வந்துவிடும். சட்டத்தில் தங்கிய பிசுக்கின் மேல் சமையல் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினேன். எண்ணெய்ப் பசை போக சோப்புத் தண்ணீர், கடைசியில் ஸ்பிரிட். எண்ணெய் மிச்சமிருந்தால் அடுத்த டேப் ஒட்டாது. ஸ்பிரிட் பாட்டில் திறந்திருக்கும்போது டிரையரைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஓரத்தில் தொட்டுப் பார்த்தேன். அதில் அசிட்டோன் இருந்திருக்கிறது. பிளாஸ்டிக்கின் பளபளப்பு போய் வெள்ளையாகப் பூத்துவிட்டது, அந்தத் தழும்பு இனி போகாது.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. வெயில் படாத ஜன்னல், லேமினேட் பலகை, டைல்ஸ் என்றால் தயங்காமல் வாங்கலாம். சுவருக்கு வேண்டாம்.

மேற்கு ஜன்னலுக்கு அக்ரிலிக் பசை என்று தெளிவாகப் போட்ட வேறொரு டேப்பை நேற்று மாலை ஒட்டியிருக்கிறேன். வலைக்குத் தையல் வெல்க்ரோவை அம்மா தைத்து முடித்துவிட்டார். நாளை மாலைதான் மாட்டப்போகிறேன்.